யாருக்கு வேண்டும் அந்த ஒப்புதல்?
‘விசாரணை’ பிறந்த கதை

1983ஆம் ஆண்டு, ஆந்திர மாநிலத்துக் குண்டூர் நகரம். பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போன கோயம்புத்தூர் இளைஞர் சந்திரகுமார் அங்கே ஹோட்டல் வேலையில் இருந்தார். ஒருநாள் பொலிஸ் வந்து அவரையும் கூட்டாளிமாரையும் அள்ளிக்கொண்டு போனது. என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. அடி மட்டும் விழுந்தது. கேட்டவர்கள் தெலுங்கில் கேட்டார்கள், அடிபட்டவர்கள் தமிழில் அழுதார்கள். நாள் போகப் போகத்தான் விஷயம் விளங்கியது. எங்கோ நடந்த களவொன்றுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ‘நாங்கள்தான் எடுத்தோம்’ என்று இவர்கள் சொல்லிவிட்டால் கோப்பை மூடிவிடலாம். லொக்கப் வதைக்குப் பிறகு சிறை. வெளியே வரும்போது ஐந்து மாதங்களுக்கு மேல் போயிருந்தது.

வெற்றிமாறனின் ‘விசாரணை’ படம் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் இந்தச் சம்பவம் ஒரு கொடுமையின் கதையே தவிர, அரசியல் திரில்லர் அல்ல. அதில் மந்திரி இல்லை, கட்சிப் பணம் இல்லை, இரவோடிரவாகப் பேசி முடிக்கும் பேரமும் இல்லை. குண்டூர் லொக்கப்பில் அடிபட்ட நாலு பொடியன்களின் கதை எப்படி ஆட்சியைப் பிடிக்கும் பணத்தின் கதையாக வளர்ந்தது என்பதுதான் இந்தப் படம் பிறந்த கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது.

சந்திரகுமார் கோவைக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டினார். ‘ஆட்டோ சந்திரன்’ என்பதே பெயராகிவிட்டது. பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர், ஆனால் புத்தகங்களை விடாமல் வாசித்தவர். தனக்கு நடந்ததை எழுதி முடித்தார். ‘லாக்கப்’ என்ற பெயரில் அது புத்தகமாக வந்தது 2006இல். சம்பவத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருபத்து மூன்று வருடங்கள்.

நாவல் என்று அழைக்கப்பட்டாலும் அது சாட்சியம்தான். கதை சொல்பவன் தன் உடம்பில் பட்டதைத் தாண்டி எதையும் பெரிதாகச் சொல்வதில்லை. லொக்கப்புக்குள் இருப்பவனுக்குக் கதவும் சுவரும் வந்துபோகும் பொலிஸ்காரர்களும்தான் உலகம். தன்னை அடிக்கச் சொன்னவர் யார், அவருக்குத் தொலைபேசி எடுத்தவர் யார் என்பது அவனுக்குத் தெரிய வழியே இல்லை. அந்தக் கட்டுப்பாடுதான் புத்தகத்தின் நேர்மை. படம் எடுக்க வருபவருக்கு அது ஒரு சவாலும்கூட.

அந்தச் சவாலை ஏற்றவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று பார்த்தால் நூல் நம் கிழக்கிலங்கைப் பக்கமாகவே வந்து சேர்கிறது. வெற்றிமாறனின் குரு பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்புக்குப் பக்கத்து அமிர்தகழியில் பிறந்தவர். கல்முனையில் பஸ் ஏறினால் காத்தான்குடியைத் தாண்டி, மட்டக்களப்பு நகரத்தையும் தாண்டியதும் வரும் ஊர். அங்கிருந்து இந்தியாவுக்குப் போய், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, தென்னிந்திய சினிமாவின் பார்வையையே மாற்றியவர். இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிச் சன் தொலைக்காட்சிக்காக அவர் ‘கதை நேரம்’ செய்தார். தமிழ்ச் சிறுகதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறும்படமாக்கிய தொடர் அது.

அந்தக் காலத்தில் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த வெற்றிமாறனுக்குக் கிடைத்த முதல் பாடமே வாசிப்புதான். சிறுகதைகளை வாசித்து, அவற்றின் சாரத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். கெமராவைத் தொடுவதற்கு முன்னால் கதையின் எலும்பு எது, சதை எது என்று பிரித்துப் பார்க்கப் பழகினார். ஓர் எழுத்தாளர் ஏன் இந்த இடத்தில் நிறுத்தினார், படம் ஏன் அதே இடத்தில் நிறுத்தக்கூடாது என்று யோசிக்கவேண்டிய வேலை அது. பின்னாளில் பூமணியின் ‘வெக்கை’யை ‘அசுரன்’ ஆக்கியதும் (2019), ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையை ‘விடுதலை’யாக விரித்ததும் (2023) அந்தப் பள்ளிக்கூடத்தின் விளைச்சல்தான்.

‘ஆடுகளம்’ (2011) தேசிய விருதுகளை அள்ளிக்கொண்டு வந்த பிறகு வெற்றிமாறன் நினைத்த பெரிய படத்தை எடுத்திருக்கலாம். தனுஷை வைத்து ‘சூதாடி’ என்ற படம் திட்டத்தில் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு ‘லாக்கப்’பைக் கையில் எடுத்தார். பாட்டு இல்லை, நட்சத்திரக் கூட்டம் இல்லை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் படம். தனுஷ் அதில் நடிக்கவில்லை. தன் வுண்டர்பார் நிறுவனத்தின் மூலம் வெற்றிமாறனின் கிராஸ் ரூட் நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தார். தினேஷ், ‘ஆடுகளம்’ முருகதாஸ், சமுத்திரக்கனி, கிஷோர், தெலுங்கு நடிகர் அஜய் கோஷ் நடித்தார்கள்.

படத்தின் முதல் பாதி புத்தகத்துக்கு நெருக்கமானது. குண்டூரில் கடைகண்ணிகளில் வேலை செய்து, பூங்காவில் படுத்தெழும்பும் பாண்டி, முருகன், அப்சல், குமார். அப்சல் முதலில் மாட்டுகிறான். பெயரைக் கேட்டதும் ஒரு பயங்கரவாத இயக்கத்தின் பெயர் வருகிறது, தமிழன் என்றதும் இன்னோர் இயக்கத்தின் பெயர் வருகிறது. ஒரு மனிதனின் பேரும் பேச்சும் சேர்ந்து அவனை இரண்டு தடவை சந்தேக நபராக்கிவிடும் அந்தக் காட்சி சில விநாடிதான். தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் நம் கரையில் அதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கும், அதே ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்கும் வெடிப்புக்கும் பிறகு, பேரைச் சொல்லவே நாக்கு ஒரு நொடி தயங்கிய மாதங்கள் இங்கே இருந்தன. அதற்கு முந்திய முப்பது வருடம் அந்தத் தயக்கம் பக்கத்து ஒழுங்கைத் தமிழர்களுக்கு இருந்தது. நற்பிட்டிமுனை போல இரு சமூகமும் அடுத்தடுத்து வாழும் ஊரில் அந்தக் காட்சியின் இரண்டு கேள்விகளுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நாலு பேரையும் அடிப்பவர்களுக்கு வேண்டியது உண்மை அல்ல, ஒப்புதல். ஏன் ஒப்புதல்? இங்கே கொஞ்சம் சட்டத்தைப் பார்க்கவேண்டும்.

இந்தியாவில் 2024 வரை இருந்த 1872இன் சாட்சியச் சட்டமும் அதன் வழியில் வந்த நம் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் ஒரே கருவில் பிறந்தவை, பிரிவு இலக்கங்கள்கூட ஒன்றுதான். இரண்டிலும் 25ஆம் பிரிவு சொல்வது ஒன்றே: பொலிஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அந்த ஆளுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்கமுடியாது. அப்படியென்றால் அடித்து வாங்கி என்ன பயன்? பயன் இருக்கிறது. 27ஆம் பிரிவு சின்னதொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருளொன்று கண்டெடுக்கப்பட்டால், அந்தளவுக்கு அவர் சொன்னதைக் காட்டலாம். அதைவிட லேசான வழி, நீதவான் முன்னால் அவர்கள் வாயாலேயே ‘செய்தோம்’ என்று சொல்ல வைப்பது. அடி அதற்கான ஒத்திகை. படத்தில் பாண்டியும் கூட்டாளிமாரும் சாப்பாட்டை மறுத்துப் பார்க்கிறார்கள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் நீதிமன்றத்தில் அவர்களுடைய தமிழை நீதவானுக்கு எடுத்துச் சொல்ல, வேறு வேலையாக வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் எழும்பும்போதுதான் விடுதலை கிடைக்கிறது. முத்துவேலாக வருபவர் சமுத்திரக்கனி.

நம் நாட்டில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தக் கதவை அகலத் திறந்தது. அதன் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகச் செல்லும். அது கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் பாரமும் கைதியின் தலையில்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் 1993இல் சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழர் ஒருவரின் வழக்கு உலகறிந்தது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், ஒப்புதல் சிங்களத்தில் இருந்தது, மொழிபெயர்த்தவரும் பொலிஸ். அந்த ஒரு கடதாசியை நம்பி 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. 2006இல் நம் உயர்நீதிமன்றம் அந்த முடிவை ஏற்க மறுத்தது. படத்தில் நாலு பேருக்கு ஒரு முத்துவேல் கிடைத்தார். இங்கே மொழிபெயர்த்தவர் பக்கம் மாறி நின்றார்.

இனி இரண்டாம் பாதி. புத்தகத்தில் இல்லாத, வெற்றிமாறன் எழுதிய பாதி. ‘லாக்கப்’ சிறையோடு நின்றுவிடுகிறது. படமோ விடுதலையான ஆட்களைத் திரும்பவும் பொலிஸ் வண்டியில் ஏற்றுகிறது. முத்துவேல் குண்டூருக்கு வந்ததே கே.கே. என்ற கணக்காளரைத் தூக்கிக்கொண்டு போகத்தான். அரசியல்வாதிகளின் பணம் எங்கே போகிறது, யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் அவர். உதவி செய்த நன்றிக்காகப் பொடியன்கள் ஒரு கை கொடுக்கிறார்கள். சென்னை வந்ததும், போகுமுன் ஸ்டேஷனைக் கூட்டிக் கழுவிவிட்டுப் போங்கள் என்கிறார்கள். அவர்கள் கழுவிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் கே.கே. விலைபேசப்படுகிறார். பிறகு செத்துப்போகிறார். காதில் விழக்கூடாதது காதில் விழுந்துவிட்டது.

வெற்றிமாறன் செய்தது இதுதான். குண்டூர் லொக்கப்பில் யாரும் கேட்கமுடியாமல் போன கேள்வியை மேல்மாடிக்குக் கொண்டுபோனார்: இந்த ஒப்புதல் யாருக்கு வேண்டும்? கீழே கொன்ஸ்டபிளுக்கு இன்ஸ்பெக்டரைத் திருப்திப்படுத்த வேண்டும், இன்ஸ்பெக்டருக்கு மேலதிகாரியை, மேலதிகாரிக்குப் பதவியில் இருப்பவரையோ வரப்போகிறவரையோ. ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினால், கடைசிப் படியில் ஒரு தேர்தலும் பணமூட்டையும் இருக்கின்றன. அங்கே அடிபடுபவர் படித்த, கோட்டுப் போட்ட கே.கே. என்பது படத்தின் கூர்மையான இடம். கூலியாளுக்கும் கணக்காளருக்கும் அடி ஒன்றுதான், விலைதான் வேறு.

இந்தப் பாதி வெறும் கற்பனைக் காற்றில் மிதக்கவில்லை. 2012 பெப்ரவரி 23ஆம் திகதி அதிகாலையில் சென்னை வேளச்சேரியில் ஐந்து பேரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்கள் தரப்பைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு ‘என்கவுண்டர்’ என்பது கைதட்டி ரசித்த சினிமாக் காட்சி. ‘விசாரணை’ அந்தக் கைதட்டலின் மறுபக்கத்தைக் காட்டியது. சதுப்பு நிலத்து இருட்டில் ஓடுபவன் வில்லன் அல்ல, ஸ்டேஷன் கழுவ வந்தவன். நல்லவரென்று நாம் நம்பிய முத்துவேலையும் அவருடைய ஆட்களே சுடுகிறார்கள். ஏணியில் நிற்பவனுக்கு நல்ல மனது மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தமிழ் சினிமாவில் குறைவு.

நாலு பேரில் ஒருவன் மட்டும் தப்புகிறான். சென்னை வரும் வழியில் பாதியில் இறங்கிப் போய்விட்ட குமார். ‘லாக்கப்’ எழுதியவரின் பெயரில் பாதி அது. திரைக்கதையில் மிச்சப்பேரைக் கொன்ற இயக்குநர், சாட்சி சொல்ல இருந்தவனை மட்டும் வண்டியை விட்டு இறக்கிவிட்டார். அவன் இறங்காவிட்டால் புத்தகம் இல்லை, படமும் இல்லை.

படம் முடியுமுன்னேயே இன்னொரு சாவு நடந்தது. படத்தொகுப்பாளர் கிஷோர் (நடித்த கிஷோர் வேறொருவர்), வேலையின் நடுவே நோயில் விழுந்து 2015 மார்ச்சில் காலமானார். வயது முப்பத்தாறு. அதே வருடம் செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவின் ஒரிசோந்தி பிரிவில் படம் திரையிடப்பட்டு, அம்னெஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலிக் கிளையின் மனித உரிமைக்கான விருதைப் பெற்றது. கோவை ஆட்டோக்காரரும் வெனிசுக்குப் போயிருந்தார். 2016 பெப்ரவரி 5இல் திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த துணை நடிகர் சமுத்திரக்கனி, சிறந்த படத்தொகுப்பு என்று மூன்று தேசிய விருதுகள். தொகுப்புக்கான விருது, அதை வாங்க இல்லாத கிஷோருக்கு. அந்த வருடம் ஒஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படமும் ‘விசாரணை’தான்.

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு: ‘இசட்’. 1963 மே மாதம் கிரேக்க நகரமான தெசலோனிக்கியில் சமாதானக் கூட்டம் முடிந்து வெளியே வந்த நாடாளுமன்ற உறுப்பினர் லம்பிராக்கிஸ் வீதியில் தாக்கப்பட்டு, சில நாளில் இறந்தார். வசிலிஸ் வசிலிகோஸ் அதை 1966இல் நாவலாக்கினார். அடுத்த வருடமே கிரேக்கத்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதனால் கொஸ்தா காவ்ராஸ் படத்தைக் கிரேக்கத்தில் எடுக்கமுடியாமல் அல்ஜீரியாவில் எடுத்து 1969இல் வெளியிட்டார். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஒஸ்கார் அல்ஜீரியாவின் பேரில் கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு முகத்தில் அடிக்கிறது. ‘இசட்’டில் கொல்லப்பட்டவர் ஊரறிந்த தலைவர். அவருக்காக இளம் நீதவான் ஒருவர் அடியாட்களிலிருந்து தளபதிகள் வரை படிப்படியாக ஏறிப் போகிறார். விசாரணைதான் அங்கே கதாநாயகன். வெற்றிமாறனின் படத்தில் விசாரணைதான் குற்றம். செத்தவர்களுக்காக ஏறிப் போக நீதவானும் இல்லை, ஊர்வலம் போகச் சனமும் இல்லை. மேல்மாடிச் சங்கதி கீழே நின்று கூட்டுகிறவனின் காதில் தற்செயலாக விழுகிறது. கிரேக்கத்தில் ஏணி மேலிருந்து கீழ் தெரிந்தது, நம் பக்கத்து நாடுகளில் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே தெற்காசியாவின் அரசியல் திரில்லர் நாடாளுமன்றத்தில் தொடங்கவேண்டியதில்லை, லொக்கப்பில் தொடங்கலாம். ‘விசாரணை’ திறந்து கொடுத்த வழி இது.

இந்த வழியில் கிழக்குக்கரைக்கு ஒரு படம் வேண்டாமா? மூலப்பொருள் இல்லையென்று சொல்லமுடியாது. கல்முனைப் பக்கத்து எழுத்தாளர் தீரன் ஆர்.எம். நௌஷாத்தின் ‘கொல்வதெழுதல் 90’ இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டின் கிழக்கில் ஒரு முஸ்லிம் கிராமத்தைச் சூழ்ந்த கட்சி அரசியலையும் துவக்குப் பயத்தையும் சொல்லும் நாவல். சிறையிருந்தவர்களின் நினைவுக் குறிப்புகள் தமிழில் நிறையவே உண்டு. முதல் பாதிக்கு நமக்குப் பஞ்சமில்லை. அடித்தது எப்படி என்று எழுதியிருக்கிறோம், யார் துவக்கோடு வந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறோம். துவக்கை யார் பக்கமாக நீட்டினார்கள் என்பதை வைத்து இரண்டு சமூகங்களும் தனித்தனிப் புத்தகங்கள் வைத்திருக்கின்றன. இரண்டாம் பாதிதான் மெலிவு. அந்தக் கைதால் பதவி உயர்ந்தவர் யார்? அந்தக் கொலையால் எந்த ஆசனம் எந்தக் கட்சிக்குப் போனது? வெளியேறியவர்களின் காணியில் இப்போது யாருடைய உறுதி இருக்கிறது? வெற்றிமாறன் ஏறிய படிகள் இப்படிப்பட்ட கேள்விகள்தான், அவற்றைக் கற்பனையில் மட்டும் எழுதினால் படம் வெறும் வேட்டுச் சத்தமாகப் போய்விடும்.

தேடுவதற்கு இடங்கள் உண்டு. வழக்குகள் முடிந்த கோப்புகள் நீதிமன்றங்களில் இருக்கின்றன, ஆணைக்குழு அறிக்கைகள் அச்சில் வந்திருக்கின்றன, பழைய பத்திரிகைகள் சுவடிக்கூடத்தில் உண்டு, 2016இல் நிறைவேறிய தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. இல்லாமல் போய்க்கொண்டிருப்பவர்கள் ஆட்கள். 1990இல் இருபது வயதில் கண்டதைச் சொல்லக்கூடியவர் இன்று ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டார். சந்திரகுமாருக்குத் தன் கதை புத்தகமாக இருபத்து மூன்று வருடம் எடுத்தது. நாம் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டோம்.